ஆறில் ஒன்று உடைந்தால் மீதி ஐந்து போதுமா?

பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கேள்விக்குத் தேவையானவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தை விட்டுச்சென்ற 1990களின் மிட்சுபிஷி பஜேரோவை அவர் இன்னும் ஓட்டிவருகிறார். பாலிக் புலாவில் குடும்பத்துக்குச் சொந்தமான சிறிய பழத்தோட்டத்துக்கு ஏறுவதற்கு அந்த வண்டியே உதவுகிறது. அண்மையில் ஒரு டயர் கடையில் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது டயர் மாற்றியிருக்கிறார். அதன் பிறகு ஏறத்தாழ 500 கி.மீ. ஓடிய நிலையில், வளைவுகளில் இடது முன்பக்கத்திலிருந்து தட்டும் ஓசை கேட்கவே வண்டியை நிறுத்திப் பார்த்தார். சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் திருகுபுரி ஆணிகளான ஆறு ஸ்டட்டுகளில் ஒன்று உடைந்து, நட்டோடு சேர்ந்து சக்கர மூடிக்குள் கிடந்தது. மீதி ஐந்தில் இரண்டு நட்டுகள் விரலால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அவருடைய அண்ணன் வந்து, அப்பா செய்வதைப் போலவே ஸ்பேனரைக் காலால் மிதித்து நட்டுகளை இறுக்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஐந்து ஸ்டட்டுகளுடனேயே வண்டி ஓடுகிறது.

“பழைய வண்டி, துருப்பிடித்து உடைந்திருக்கும், ஐந்து போதும்” என்கிறார் டயர் கடைக்காரர். பக்கத்துப் பட்டறையில் பற்றவைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். வண்டியையே விற்றுவிடு என்கிறார் அண்ணன். கடிதம் எழுதிய சகோதரியோ, கடையில் நட்டை விசையோடு முறுக்கும் இயந்திரமான இம்பாக்ட் கன்னால் அளவுக்கு மீறி இறுக்கியதால்தான் ஸ்டட் உடைந்தது என்று உறுதியாக நம்புகிறார். பள்ளி விடுமுறையில் தாயாரை அழைத்துக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகலாமா, உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா, செலவைக் கடையிடம் கேட்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில் உடனடியாகச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் வண்டியை நிறுத்திவிடுங்கள். பாலிக் புலாவ் சாலையின் வளைவுகளில் இனி ஒரு தடவைகூட இந்த நிலையில் ஓட்ட வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோக உங்கள் காப்பீட்டில் இழுவைச் சேவை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் லாரியை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு சக்கரங்களைத் தூக்கி, மற்ற இரண்டை உருட்டிக்கொண்டு போவது நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் என்ஜினின் விசையை முன்பின் சக்கரங்களுக்குப் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குத் தீங்கு செய்யக்கூடும். இதைக் கேட்டு நீங்கள் அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் ஐந்து போதும் என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

ஸ்டட் என்பது சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ஆணி என்றே பலரும் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால், ஆறில் ஒன்று போனால் ஐந்து பங்கு பலம் மிஞ்சுகிறது என்ற கணக்கு நியாயமாகத்தான் தோன்றும். உண்மையில் வண்டியின் பாரம் ஸ்டட்டின் மேல் நேரடியாக உட்காருவதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிய அளவு நீள்கிறது. நீண்ட எஃகு மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசைதான் சக்கரத்தை, அது பொருந்தி நிற்கும் சுழலும் மையப் பாகமான ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே வண்டியின் எடையையும் பிரேக்கின் விசையையும் வளைவின் தள்ளுதலையும் ஏற்கிறது. உங்கள் வண்டியில் இருப்பது 12 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட ஸ்டட். அதை ஏறத்தாழ 110 நியூட்டன் மீட்டருக்கு (திருப்பும் விசையின் அளவு) உலர்ந்த நிலையில் இறுக்கினால் ஒவ்வொரு ஸ்டட்டும் சுமார் நான்கரை டன் விசையுடன் சக்கரத்தைப் பிடிக்கும்; ஆறும் சேர்ந்தால் 27 டன் அளவுக்கு வரும். இந்தப் பிடி தளர்ந்த கணத்திலிருந்து சக்கரம் ஹப்பின் மேல் நுண்ணிய அளவில் வழுக்கத் தொடங்கும், பாரம் ஸ்டட்டுகளின் மேல் நேராக விழும். அவை அந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

ஆகவே எத்தனை ஸ்டட் மிஞ்சியிருக்கிறது என்பதை விட, மிஞ்சியவை இன்னும் பிடிக்கின்றனவா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இரண்டு நட்டுகள் விரலால் திரும்பின என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது, நீங்கள் வண்டியை நிறுத்திய நேரத்தில் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருந்தவை ஐந்து அல்ல, மூன்றுதான். ஓசையைக் கேட்டதும் நின்று பார்த்தீர்களே, அது மிகச் சரியான செயல்.

உடைந்த முகம் சொல்லும் செய்தி

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் நீங்கள் சொல்லிக் கடந்துபோன விவரத்தை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். உடைந்த துண்டின் முகத்தில் பாதிக்கு மேல் கறுத்து வழவழப்பாகவும், மீதி சாம்பல் நிறத்தில் பொடிமணல் போலவும் இருப்பதாகவும், கறுத்த பகுதியின் ஓரத்தில் துருவின் செந்நிறம் தெரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே இழுப்பில், அளவுக்கு மீறி இறுக்கப்பட்டு உடைந்த ஸ்டட் அப்படி இருக்காது. அது உடைந்த இடத்துக்கு அருகில் இடுப்பு சிறுத்ததைப் போல மெலிந்திருக்கும், முகம் முழுவதும் புதிதாக ஒரே நிறத்தில் இருக்கும். வழவழப்பான பகுதியும் மணல் போன்ற பகுதியும் சேர்ந்திருப்பது உலோகச் சோர்வின் அடையாளம். கம்பி ஒன்றை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் அது முறிவதைப் போல, சிறு வெடிப்பு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக வளர்ந்து, எஞ்சிய உலோகம் தாங்க முடியாத நிலையில் பட்டென்று உடைகிறது. வழவழப்பான பகுதி அந்த வெடிப்பு வளர்ந்த காலம்; மணல் போன்ற பகுதி அது உடைந்த கணம்.

சக்கரம் தளர்ந்திருக்கும்போதுதான் ஸ்டட் இவ்வாறு வளைந்து நிமிர்கிறது. ஆகவே கடைக்காரர் அதிகமாக இறுக்கியதால் உடைந்தது என்ற உங்கள் முடிவு பெரும்பாலும் பொருந்தாது. அந்தச் சக்கரம் போதிய பிடி இல்லாமல் ஓடியிருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். உங்கள் வண்டியில் உள்ள அளவு டயர் ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ 420 தடவை சுற்றுகிறது. 500 கி.மீ.க்குள் ஸ்டட் 2 இலட்சத்துக்கும் அதிகமான தடவை வளைந்திருக்கும். சோர்வு வெடிப்பு வளர்வதற்கு அது போதுமான எண்ணிக்கைதான். ஆனால் ஓரத்தில் தெரியும் துரு, வெடிப்பின் தொடக்கம் டயர் மாற்றியதற்கும் முந்தியதாக இருக்கலாம் என்று ஐயப்பட வைக்கிறது.

இங்கே உங்கள் தந்தையாரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அந்த வண்டியை அவர் எவ்வளவு அக்கறையோடு வைத்திருந்தார் என்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. ஆண்டுதோறும் ஸ்டட்டுகளுக்கு என்ஜின் எண்ணெய் தடவுவதும், ஸ்பேனரை மிதித்து இறுக்குவதும் அவருடைய வழக்கம் என்று சொல்கிறீர்கள். அவர் தலைமுறையில் லாரி ஓட்டியவர்கள், எஸ்டேட் வண்டிகளைப் பராமரித்தவர்கள் பலரும் அப்படித்தான் செய்தார்கள்; நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள். ஆனால் இந்த இரண்டும் சேரும்போது ஸ்டட்டுக்குப் பெருங்கேடு விளைகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 40 செ.மீ. கைப்பிடியின் நுனியில் முழு எடையையும் வைத்தால் அது சுமார் 270 நியூட்டன் மீட்டர். பாதி எடையை வைத்தாலே 135ஐத் தாண்டும். புரியில் எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே திருப்பத்துக்கு ஸ்டட்டின் மேல் விழும் இழுவிசை ஒன்றரை மடங்கு வரையிலும் உயரக்கூடும். இப்படிப் பல ஆண்டுகள் இறுக்கப்பட்ட ஸ்டட், திரும்பச் சுருங்கும் தன்மையை இழந்து நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. அதன் புரிகளும் சிதைகின்றன. பிறகு நீங்கள் எவ்வளவு சரியாக இறுக்கினாலும், அந்த முயற்சியின் பெரும்பகுதி சிதைந்த புரிகளின் உரசலிலேயே செலவாகிவிடுகிறது. ஸ்பேனர் கனக்கிறது, சக்கரத்தின் பிடி மட்டும் வருவதில்லை. அண்ணன் மிதித்து இறுக்கிய ஐந்தும் இன்று அந்த நிலையில்தான் இருக்கக்கூடும்.

டயர் கடையின் பங்கும் இருக்கிறது. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் துருப் பொருக்கைத் துடைக்காமல் மாட்டினால், ஓடத் தொடங்கியதும் அந்தப் பொருக்கு நசுங்கி, ஸ்டட்டின் இழுவிசை குறைந்துவிடும். இம்பாக்ட் கன்னால் மட்டும் இறுக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரான டார்க் ரெஞ்சால் சரிபார்க்காமல் விட்டால், ஒரு நட்டு 200 நியூட்டன் மீட்டருக்கும் இன்னொன்று 60க்கும் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு திரும்ப வந்து நட்டுகளைச் சோதித்துக்கொள்ளும்படி உங்களிடம் அவர்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை.

ஒன்றை மாற்றுவதா, ஆறையும் மாற்றுவதா?

கனரக லாரிகளின் பராமரிப்பில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: ஒரு ஸ்டட் உடைந்தால் அதன் இரு பக்கத்திலும் உள்ளவற்றையும் சேர்த்து மாற்றுவார்கள், இரண்டு அல்லது அதற்கு மேல் உடைந்தால் அந்தச் சக்கரத்தில் உள்ள அனைத்தையும் மாற்றுவார்கள். உடைந்ததன் பாரத்தை அண்டை ஸ்டட்டுகள்தான் ஏற்றிருக்கும் என்பதே அதற்குக் காரணம். உங்களுக்கு உடைந்தது ஒன்றுதான். ஆனாலும் இரண்டு நட்டுகள் தளர்ந்திருந்தன, பிறகு அனைத்தும் மிதித்து இறுக்கப்பட்டன, அதற்கு முன்னும் பல ஆண்டுகள் அதே வழக்கம் இருந்திருக்கிறது. ஆகவே அந்தச் சக்கரத்தின் ஆறு ஸ்டட்டுகளையும் ஆறு நட்டுகளையும் மாற்றுங்கள் என்பதே என் தெளிவான கருத்து.

செலவைப் பார்த்தாலும் அதுவே புத்திசாலித்தனம். ஸ்டட்டின் விலை சொற்பம், கூலிதான் பெரியது. இன்றைய பல கார்களில் பிரேக் டிஸ்க் ஹப்பின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஹப்பைத் திருப்பி ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்துப் பழைய ஸ்டட்டைத் தட்டி எடுத்துவிடலாம். உங்கள் தலைமுறைப் பஜேரோவின் முன்பக்கத்தில் டிஸ்க் ஹப்புக்குப் பின்புறம் பொருத்தப்பட்டிருக்கிறது. ஸ்டட் பின்பக்கமாக வெளியே வர வேண்டுமானால், முன்சக்கரத்தை இயக்கத் தண்டோடு இணைக்கவும் பிரிக்கவும் செய்யும் ஃப்ரீவீல் ஹப்பைக் கழற்றி, பேரிங் பூட்டு நட்டைத் திறந்து, ஹப்பையும் டிஸ்க்கையும் சேர்த்து வெளியே எடுத்தாக வேண்டும். அவ்வளவு தூரம் திறந்த பிறகு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று மாதத்தில் அடுத்தது உடைந்து அதே கூலியை மறுபடியும் கொடுப்பதில் என்ன பயன்?

மற்ற மூன்று சக்கரங்களையும் மறந்துவிடாதீர்கள். நட்டை விரலாலேயே ஸ்டட்டின் முழு நீளத்துக்கும் சுழற்ற முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் சிக்கினாலோ, புரிகளின் இடைவெளி ஓரிடத்தில் அகன்று தெரிந்தாலோ அந்த ஸ்டட்டையும் மாற்ற வேண்டும்.

பற்றவைப்பது ஏன் கூடாது?

ஸ்டட்டின் பலம் அதன் எஃகுக்குக் கொடுக்கப்பட்ட வெப்பப் பதத்தில் இருக்கிறது. பற்றவைக்கும் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்து, ஓரிடத்தில் மென்மையாகவும் அடுத்த இடத்தில் எளிதில் நொறுங்கக்கூடியதாகவும் ஆக்கிவிடும். ஹப் வார்ப்பிரும்பாக இருந்தால் அதிலும் வெடிப்பு விழும். உள்ளே இருக்கும் கிரீஸும் சீலும் பேரிங்கும் கெடும். சில பட்டறைகளில், ஹப்பின் துளை தேய்ந்து புது ஸ்டட் உள்ளேயே சுழலும்போது பின்தலையில் ஒரு புள்ளி பற்றவைத்து நிறுத்துவார்கள். அதையும் ஏற்காதீர்கள். ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பள்ளமேட்டு வரிகள் ஹப்பின் துளையைக் கடித்துப் பிடிப்பதால்தான் அது சுழலாமல் நிற்கிறது. துளை பெருத்திருந்தால் ஹப்பை மாற்றுவதே முறை. அந்த நிலையில் பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் நல்ல ஹப் ஒன்றைத் தேடலாம்; ஆனால் ஸ்டட்டும் நட்டும் பழையதாக வாங்கக் கூடாது. ஹார்ட்வேர் கடைப் போல்ட்டும் வேண்டாம், துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டும் வேண்டாம்.

பட்டறையில் நடக்க வேண்டியவை

பஜேரோ, ஹைலக்ஸ், லேண்ட் குரூசர் போன்ற பழைய வண்டிகளின் முன் ஹப்பைத் திறந்து பழகிய பட்டறையைத் தேடிப் போங்கள். வேலையைத் தொடங்கும் முன், டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, பேரிங்கின் இறுக்கத்தை எப்படி அமைப்பீர்கள் என்ற இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

புது ஸ்டட்டைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, புரியின் அளவு, மொத்த நீளம், கழுத்து வரிகளின் விட்டம், அவற்றின் நீளம் ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். புரி பொருந்துவதனாலேயே சரியான ஸ்டட் என்று சொல்லிவிட முடியாது. கழுத்து ஒரு மி.மீ.யில் சிறு பங்கு குறைந்தாலும் அது பிடிக்காது. ஹப் வெளியே வந்திருப்பதால், பழையவற்றை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, புதியவற்றையும் அதிலேயே நேராக அழுத்திப் பதிப்பதுதான் சிறந்தது. சக்கர நட்டை மாட்டி இம்பாக்ட் கன்னால் இழுத்துப் பதிப்பது வேகமான வழிதான், ஆனால் புது ஸ்டட்டின் புரியை முதல் நாளிலேயே காயப்படுத்திவிடும். ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்முகத்தோடு இடைவெளியின்றி முழுவதும் உட்கார வேண்டும். இல்லையென்றால் ஓடும்போது அது உள்ளே இறங்கி, நட்டு மறுபடியும் தளரும்.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பரைக் கழற்றியதும் அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பேரிங்குகளைக் கழுவிப் பார்த்து, புது கிரீஸ் நிரப்பி, சீலைப் புதிதாகப் போட வேண்டும். கூம்பு வடிவ உருளைப் பேரிங்கை முதலில் நன்றாக இறுக்கி, ஹப்பைச் சுழற்றி உட்காரவைத்து, தளர்த்தி, பிறகு கையேட்டில் உள்ள சிறிய அளவுக்கு மறுபடி இறுக்கிப் பூட்ட வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஸ்டட் நன்றாக இருந்தும் பேரிங் எரிந்துவிடும்.

சக்கரத்தின் ரிம்மையும் பாருங்கள். தளர்ந்து ஓடிய சக்கரத்தின் நட்டுத் துளைகள் முட்டை வடிவாகியிருந்தால் அந்த ரிம் இனிப் பயன்படாது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. நட்டு உட்காரும் வடிவமும் ரிம்முக்குப் பொருந்த வேண்டும்: கூம்புத் துளைக்குக் கூம்பு நட்டு, தட்டைத் துளைக்கு வாஷர் உள்ள நட்டு. ஹப்பின் முகத்தையும் ரிம்மின் பின்முகத்தையும் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டு, உலர்ந்த புரிகளில், எதிரெதிராக மாற்றி மாற்றி, இரண்டு மூன்று கட்டங்களாக இறுக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு இறுதி அளவு 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். கையேட்டில் உள்ள எண்ணைப் பட்டறையில் காட்டுங்கள்.

செலவை யார் ஏற்பது?

நான் வழக்கறிஞர் அல்லன். ஆனால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது என்பதையும், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் பதியலாம் என்பதையும் சொல்ல முடியும்.

இருந்தாலும் உங்கள் கோரிக்கையின் பலத்தையும் பலவீனத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். டயர் மாற்றிய 500 கி.மீ.க்குள் நட்டுகள் தளர்ந்திருந்தது உங்கள் பக்கம் பேசும். உடைந்த முகத்தில் உள்ள பழைய துரு கடைக்காரர் பக்கம் பேசும். அண்ணன் மிதித்து இறுக்கியதால், மற்ற ஐந்தின் இப்போதைய நிலைக்குக் கடையை மட்டும் பொறுப்பாக்குவதும் கடினம். அதோடு, அதிகமாக இறுக்கிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், உடைந்த துண்டே அதை மறுக்கும். தளர்ந்திருந்த நட்டுகளையே உங்கள் கோரிக்கைக்கு அடிப்படையாக்குங்கள். முழுச் செலவும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு பகுதியைக் கேட்பது நியாயமானது, பேசித் தீர்ப்பதற்கும் எளிதானது.

ரசீதையும் உடைந்த துண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். துண்டைத் தேய்க்கவோ கழுவவோ வேண்டாம், தாளில் சுற்றி வையுங்கள். வேறு பட்டறையில் வேலையைத் தொடங்கும் முன், கடைக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுத்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டறைக்காரரிடம் ஹப்பையும் ரிம்மையும் படம் எடுத்து, கண்டதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால், ஜார்ஜ்டவுனில் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்; தமிழிலேயே பேசலாம்.

வண்டியை விற்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். ஹப்பைத் திறந்ததும் பேரிங், சீல், டிஸ்க் ஆகியவற்றின் நிலை தெரிந்துவிடும், அடிச்சட்டத்தில் துரு எவ்வளவு என்பதையும் அன்றே பார்க்கச் சொல்லலாம். அந்த விவரங்கள் கையில் இருந்தால் அண்ணனோடு உட்கார்ந்து பேசுவதும் எளிதாக இருக்கும்.

கேமரன் மலைக்குத் தாயாரோடு போவதைப் பொறுத்தவரை, வேலை முடிந்த மறுநாளே புறப்பட வேண்டாம். முதலில் சமதரைச் சாலைகளில், தட்டும் ஓசையோ ஸ்டீயரிங்கில் அதிர்வோ இருக்கிறதா என்று கவனித்தபடி 100 கி.மீ. ஓட்டுங்கள். பிறகு சக்கரம் ஆறியிருக்கும்போது நான்கு சக்கரங்களின் நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் சோதிக்கச் சொல்லுங்கள். சிறிதளவு திரும்பி நின்றால் கவலை இல்லை, புது ஸ்டட் உட்காரும்போது அப்படி நடக்கும். இன்னொரு 100 கி.மீ.க்குப் பிறகு செய்யும் இரண்டாவது சோதனையில் எந்த நட்டும் அசையவில்லை என்றால், தாராளமாக மலையேறலாம். அப்போதும் ஒரு நட்டு கணிசமாகத் திரும்பினால் பயணத்தைத் தள்ளிப்போட்டு, ஸ்டட் முழுவதும் உட்கார்ந்திருக்கிறதா, ரிம்மின் முகம் சரியாகப் படிகிறதா என்று அதே பட்டறையில் மறுபடியும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.